இரண்டாவது பிரேக்

போன வாரம் சின்ன டீச்சரைக் குளியலறையில், குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுகிறபடியே விட்டுவிட்டு வந்தோம். நான்கு நாளாக அவளுக்கு அதே வேலைதான். அழுகை குறைந்தபாடில்லை, மாடித் தொட்டி காலியானதுதான் மிச்சம்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு நாலு வரி. அம்மா கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். ஒரே ஒரு வெள்ளைக் கார், ஒரே ஒரு ஆள், அதுதான் பள்ளி. தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். மகளுக்குப் பதினேழு வயது. பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுப்பதால் அவள் சின்ன டீச்சர். பதினைந்து வயதுத் தம்பி எதற்கெடுத்தாலும் வாதாடுவான், அதனால் வக்கீல். அப்பா நெடுந்தூர லாரியில் போயிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத வேளையில் அக்காவும் தம்பியும் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு போனார்கள். வக்கீல் ஸ்டீயரிங் பிடிக்க, சின்ன டீச்சர் அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து பாடம் எடுத்தாள். சலவைக்கடைத் திருப்பத்தில், பேப்பர் போடும் அம்மாளின் சைக்கிளை இடித்துத் தள்ளினார்கள். நிற்காமல் வந்துவிட்டார்கள்.

ஒரு வாசகி கோபமாக எழுதியிருக்கிறார்: "சொல்லிக்கொடுக்கிற காரில் பக்கத்துச் சீட்டிலும் ஒரு பிரேக் இருக்குமே? இரண்டு பிரேக்கில் ஒன்றைக்கூடவா மிதிக்கத் தெரியவில்லை?"

அம்மணி, இரண்டு இருந்ததால் வந்த வினைதான் அது. அக்கா மிதித்துவிடுவாள் என்று தம்பி இருந்தான். தம்பி மிதிக்கட்டும் என்று அக்கா இருந்தாள். ஒரே ஒரு பிரேக் இருந்திருந்தால் யாராவது ஒருவருக்கு உதறல் எடுத்து மிதித்திருப்பார்கள். அந்த நேரத்தில் சின்ன டீச்சரின் கால் எங்கே இருந்தது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் என்னிடமும்தான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை. அம்மா வாசலில் குந்தி உட்கார்ந்து காரின் முன்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பம்பரில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அதற்கு மேலே, எல் போர்டு இருந்த இடத்தில் அறுந்த கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏய், எழுதிட்டியா இல்லியா? பதினோரு மணிக்கு டெஸ்டு. போர்டு இல்லாம உள்ளயே விட மாட்டாங்க."

"இதோம்மா."

சின்ன டீச்சர் முன்னறைத் தரையில் வெள்ளைத் தகரத்தை வைத்து, சிவப்பு டேப்பை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு எழுத்துதான், இரண்டே கோடுதான். மூன்று தடவை கோணலாக ஒட்டிப் பிய்த்தாயிற்று. பழைய போர்டு எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியும். அது இப்போது யார் கையில் இருக்கிறது என்பதுதான் தெரியாது.

"பழசு எங்கதான் போச்சோ," என்றார் அம்மா. "ஞாயித்துக்கிழமை நம்ம தையல்கார மாஸ்டர் நடைபாதையில கொண்டுபோய் ஒரு இடி இடிச்சாரே, அப்ப விழுந்திருக்கும். வீட்டுக்கு வந்துதான் கவனிச்சேன். ஆமா, உன் தம்பி எங்க?"

"ஓடப் போயிருக்கான்."

"இன்னுமா ஓடறான்? ஏழரை ஆச்சு. இவ்ளோ நேரம் ஓடினா அடுத்த ஊரே வந்திருக்கும்."

அதுதான் சின்ன டீச்சருக்கும் பற்றிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமையிலிருந்து அவன் இருட்டோடு எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். 'ஓடப் போறேன்' என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் போகிறவனை என்னவென்று சொல்வது? ஒன்பது மணிக்கு வருகிறான், நாலு ரொட்டித் துண்டை விழுங்குகிறான், படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறான். இவளோடு பேச்சே இல்லை. நான் மட்டும் இங்கே செத்துக்கொண்டிருக்கிறேன், இவனுக்கு எப்படிச் சோறு இறங்குகிறது என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

எட்டு மணிக்குத் தையல்காரர் வந்தார்.

இவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவிடம் ஏழு மாதமாகப் படிக்கிறவர். வயது நாற்பத்தாறு. இரண்டு தடவை டெஸ்டில் தோற்றுவிட்டார். கியர் கரகரவென்று சத்தம் போட்டால் காரிடம் "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லுவார். இன்றைக்கு மூன்றாவது டெஸ்டு. புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வருவேன் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், நேற்றுப் போட்ட சட்டையோடு, கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

"டீச்சர், நான் டெஸ்டுக்கு வரல."

"என்ன மாஸ்டர், காலங்காத்தால அபசகுனமா? உள்ள வந்து டீ குடிங்க, பயம் போயிடும்."

"பயம் இல்ல டீச்சர். நான் ஒருத்தங்கள இடிச்சிட்டேன்."

உள்ளே டேப் வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் நின்றது.

"யார இடிச்சீங்க?"

"பேப்பர் போடுற அம்மாவ. ஞாயித்துக்கிழமை, சலவைக்கடை திருப்பத்துல. நேத்துதான் கடைக்கு வந்த ஒருத்தர் சொன்னார், எல் போர்டு போட்ட வெள்ளைக் கார் இடிச்சிட்டு நிக்காமப் போயிடுச்சாம். எனக்குக் கை கால் ஓடல. நேரா ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால்ல பெரிய கட்டு டீச்சர். தொடை வரைக்கும்."

"மாஸ்டர், நாம இடிச்சது நடைபாதைய. நான் பக்கத்துல இருந்தேன்."

"நடைபாதைய இடிச்சதுக்கு அப்புறம் நான் கண்ணாடியில பாத்தேன். ரோட்டுல பேப்பரா பறந்துச்சு. நீங்ககூட, 'யாரோ குப்பையக் கொட்டியிருக்காங்க'ன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

அம்மாவின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. ஞாபகம் இருந்தது.

"அந்தம்மா தலகாணிக்கு அடியில நம்ம போர்டு இருக்கு டீச்சர். கம்பி அறுந்து கிடக்கு. நான் என் கண்ணால பாத்தேன். எத்தனை மணிக்கு ஆச்சுன்னு அவங்களுக்குச் சொல்லத் தெரியல, மயங்கிட்டாங்களாம். நான்தான்னு அங்கயே சொல்லணும்னு வாயத் தொறந்தேன், வரல. பழத்த வெச்சிட்டு ஓடி வந்துட்டேன். இன்னிக்கு நாலு மணிக்குள்ள வாங்கின துணியெல்லாம் தெச்சுக் குடுத்துட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிடலாம்னு இருக்கேன்."

அம்மா எழுந்து திண்ணையின்மேல் துணியை மடித்து வைத்தார். அவர் பதறுகிற ஆள் இல்லை. பதறுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தே பதினாறு வருடம் சம்பாதித்தவர்.

"நாலு மணிக்கு நானும் வரேன்," என்றார்.

"நீங்க எதுக்கு டீச்சர்?"

"முத நாள் உங்ககிட்ட என்ன சொன்னேன்? ஸ்டீயரிங் உங்களது, தப்பு என்னோடது. அதுக்குத்தான் என் காலுக்கு அடியில ஒரு பிரேக் வெச்சிருக்காங்க. ஒரு மனுஷி விழுந்தது தெரியாம நான் உக்காந்திருந்தேன்னா, நான் என்னத்துக்கு டீச்சர்? லைசென்ஸ வாங்கிக்கட்டும். போகட்டும்."

"ஐயோ, உங்க பொழப்பு…"

"பொழப்பு அப்புறம். இப்ப டெஸ்டு பதினோரு மணிக்கு. ஸ்டேஷன் நாலு மணிக்கு. ரெண்டுக்கும் நடுவுல நேரம் இருக்கு. ஏழு மாசம் என் உயிர எடுத்திருக்கீங்க மாஸ்டர், டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போகாம விட்டுடுவேனா? போய்ச் சட்டைய மாத்திட்டு வாங்க."

சின்ன டீச்சர் தகரத்தைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்றாள். இந்த முறை எழுத்து நேராக இருந்தது. அம்மா செய்யாததைச் செய்தேன் என்று எழுதிக் கொடுக்கப்போகிறார். இன்னும் எட்டு மணி நேரம். எட்டு மணி நேரத்தில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"அம்மா…"

"போர்டக் குடு. நீயும் கிளம்பு. பேப்பர் ஃபைல யாராவது பிடிச்சுக்கணும்."

சொல்லேன்டி, சொல்லித் தொலையேன் என்று நீங்கள் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கிறது. நானும் அதையேதான் சொன்னேன். அவள் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

டெஸ்டு மைதானம் ஊருக்கு வெளியே, சுற்றிலும் கம்பிவேலி. உள்ளே வெள்ளைக் கோடுகள், ஒரு மேடு, நாலு மரக்கட்டைகள். ஒரு தகரக் கொட்டகையில் பதினைந்து பேர் பல் பிடுங்கக் காத்திருக்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரர் மட்டும் அமைதியாக இருந்தார். எல்லாமே போகப்போகிறது என்று தெரிந்துவிட்ட பிறகு மனிதனுக்கு ஒரு நிதானம் வருமே, அது வந்திருந்தது.

தையல்காரரின் முறை வருவதற்குள் மணி இரண்டாகிவிட்டது. அதிகாரி அம்மாவின் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். கார் கிளம்பியது.

வேலிக்கு இந்தப் பக்கம் அம்மாவும் மகளும் நின்று பார்த்தார்கள். மேட்டில் பாதியில் நிறுத்தி எடுக்க வேண்டும்; போன இரண்டு தடவையும் அங்கேதான் கார் பின்னால் உருண்டது. இன்றைக்கு ஒரு அங்குலம் நகரவில்லை. மரக்கட்டைகளுக்கு நடுவே பின்பக்கமாக நுழைந்தார், ஊசியில் நூல் கோக்கிற மாதிரி. அம்மாவின் வலது கால் மண்ணில் தன்னையறியாமல் மிதித்து மிதித்து எடுத்தது. ஏழு மாதத்தில் முதல்முறையாகக் கியர் சத்தமே போடவில்லை.

"இந்த மனுஷன் இவ்ளோ நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தாரு இத?" என்றார் அம்மா.

தையல்காரர் இறங்கி வந்தார். கையில் பச்சை முத்திரை குத்திய தாள். அதை அம்மாவிடம் நீட்டும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

"பாஸ் டீச்சர். இத நீங்களே வெச்சுக்கங்க. நாலு மணிக்கு அப்புறம் எப்படியும் பிடுங்கிடுவாங்க. ஒரு நாள்கூட என் பொண்டாட்டிய உக்கார வெச்சு ஓட்டல."

அவ்வளவுதான். சின்ன டீச்சரால் அதற்குமேல் முடியவில்லை. திரும்பி நடந்து போய்க் காரின் கதவைத் திறந்தாள். ஸ்டீயரிங் பக்கத்துக் கதவை அல்ல, மற்றதை. அம்மாவின் சீட்டில் உட்கார்ந்தாள். அடியில் கைவிட்டு, சீட்டை நகர்த்துகிற கம்பியை இழுத்தாள்.

டக்.

சீட்டு ஒரு பல் முன்னால் வந்தது.

அம்மாவின் முகம் மாறியது. பதினாறு வருடமாக அந்தச் சீட்டு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பாடத்துக்கு ஏறியபோது முட்டி இடித்தது. 'குண்டாயிட்டேன் மாஸ்டர்' என்று சிரித்துவிட்டுப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"நான் உன்னவிடக் குள்ளம் இல்லியாம்மா," என்றாள் மகள். "பிரேக் எட்டணும்னு இழுத்தேன். அவன் ஓட்டினான். நான் சொல்லிக்குடுத்தேன். நீங்க ரெண்டு பேரும் கெளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. மாஸ்டர் யாரையும் இடிக்கல. நாங்கதான்."

அம்மா கதவருகே வந்து நின்றார். கத்தவில்லை. அடிக்கக் கை ஓங்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்; அது அம்மா கேட்கிற கேள்வி அல்ல, டீச்சர் கேட்கிற கேள்வி.

"கால் எங்க இருந்துச்சு?"

இதைத்தான் அவள் நாலு நாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். சொல்லவில்லை. செருப்பைக் கழற்றினாள். இரண்டு கால்களையும் தூக்கிச் சீட்டின்மேல் சம்மணம் போட்டு வைத்துக் காட்டினாள்.

"நான் உன்ன எவ்ளோ நம்புறேன் பார்றான்னு அவன்கிட்ட பெருமையடிச்சேம்மா. அவன் சிரிச்சான். அப்பதான் சைக்கிள் வந்துச்சு."

"அப்புறம்?"

"அவன் நிறுத்தப் போனான். நான்தான் 'போ போ போ'ன்னேன்."

மைதானத்தில் யாருடைய காரோ மேட்டில் பின்னால் உருண்டு மரக்கட்டையைச் சாய்த்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப… நான் இடிக்கலையா?" என்றார் தையல்காரர். முகத்தில் வெளிச்சம் வந்தது. வந்த வேகத்திலேயே அதற்காக வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இன்னும் கழுத்திலேயே கிடந்த அளவு நாடாவைத் திருகினார். "டீச்சர், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நான் ஏற்கெனவே மனச தயார் பண்ணிட்டேன். புள்ளைங்க படிக்கிற வயசு. நானே போயிடறேனே. எனக்கு என்ன, தைக்கிறவன், எங்க உக்காந்தாலும்…"

"மாஸ்டர்." அம்மா குரலை உயர்த்தாமல் குறுக்கிட்டார். "ஒருத்தர் அளவுக்கு வெட்டின சட்டைய இன்னொருத்தருக்குப் போட்டு அனுப்புவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப விடுங்க. உங்க நல்ல மனசு எனக்குத் தெரியும்." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதுவும் ஒரே ஒரு தடவை. பிறகு மகளைப் பார்த்தார். "எழுந்திரு. அது என் இடம்."

சின்ன டீச்சர் இறங்கினாள். அம்மா உட்கார்ந்து, கம்பியை இழுத்துச் சீட்டைப் பின்னால் தள்ளினார். டக்.

"சாவிய ஆணியில மாட்டினது நான். அதையும் சேத்துச் சொல்லணும். மொதல்ல ஸ்டேஷன் இல்ல. ஆஸ்பத்திரி. அந்தம்மா முகத்தப் பாத்துச் சொல்லிட்டு அப்புறம்தான் மத்த எடம். மாஸ்டர், பாஸ் பண்ணிட்டீங்கல்ல? ஓட்டுங்க."

"உன் தம்பிய எங்கயிருந்து கூப்பிடறது?" என்று வழியில் அம்மா கேட்டார்.

"அவனுக்கென்னம்மா, ஓடிட்டு இருப்பான்." சின்ன டீச்சர் கசப்போடு சொன்னாள். "அவன் மறந்தே போயிட்டான்."

வழி முழுக்க அம்மாவின் பாதம் பிரேக்கின்மேல் லேசாகப் படிந்தே இருந்தது. பின்சீட்டிலிருந்து மகள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு இரண்டாம் மாடியில். நீளமான அறை, பத்துக் கட்டில்கள், மருந்தும் துடைத்த தரையும் கலந்த வாசனை. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றே கால். தையல்காரர் வாசலிலேயே நின்றுகொண்டு, "கடைசிக்கு முந்தின கட்டில்," என்று கைகாட்டினார்.

பேப்பர்காரம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். கட்டுப் போட்ட கால் அடுக்கிவைத்த தலையணைகளின்மேல் கிடந்தது. மடியில் நம் எல் போர்டு, சிவப்பு வண்ணம் உதிர்ந்து, அறுந்த கம்பியோடு.

பக்கத்தில் ஸ்டூலில், இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்து ஒரு நோட்டைப் படித்துக்கொண்டிருந்தான். விரலெல்லாம் அச்சு மை.

"பதினாலாம் நம்பர் வீட்டுல நாய் இருக்கு, கேட்டுக்குள்ள வீசிட்டேன். பச்சைக் கதவு வீட்டுல ரெண்டு பேப்பர். மாடி வீட்டு ஐயா, நீங்க எப்ப வருவீங்கன்னு கேட்டாரு."

அந்த முதுகைச் சின்ன டீச்சருக்குத் தெரியாதா? அந்தச் சட்டையை நேற்று இவள்தானே காயப்போட்டாள்!

ஓடவே இல்லை அவன். நாலு நாளாகப் பேப்பர் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

பேப்பர்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். முன்பின் தெரியாத ஒரு பெண், மகளோடு, கட்டிலருகே வந்து நிற்பதைப் பார்த்து வாய்நிறையச் சிரித்தார்.

"யாரைப் பாக்க வந்திருக்கீங்க? உக்காருங்க, உக்காருங்க. டேய் ராசா, அவங்களுக்கு ஸ்டூலக் குடு." பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார். படுத்துக் கிடக்கிறவர்களுக்குப் பேச்சுத் துணைதான் பெரிய மருந்து. "இந்தப் புள்ள இல்லேன்னா நான் ரோட்டுலயே போயிருப்பேன். சைக்கிள்ல வந்து என்னைப் பாத்துட்டு, ஆஸ்பத்திரி வண்டிக்கு ஃபோன் பண்ணி, வர வரைக்கும் என் தலையத் தாங்கிட்டு உக்காந்திருந்தான். அன்னிலேருந்து என் வேலைய இவன்தான் பாக்குறான். வேலை போயிடக்கூடாதாம் எனக்கு. இடிச்சவன் நிக்காமப் போனான். யாரு பெத்த புள்ளையோ இது, வந்து நின்னுச்சு."

வக்கீல் மெல்ல எழுந்து திரும்பினான். எதற்கும் வாதாடுகிறவன், அம்மாவைப் பார்த்ததும் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். அக்காவைப் பார்த்தான், வேண்டாம் என்றா, சொல்லிவிடு என்றா, இரண்டுமே அந்தக் கண்ணில் இருந்தது.

பேப்பர்காரம்மா எதையும் கவனிக்கவில்லை. எல் போர்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்.

"அந்த வண்டிக்காரன் என் கையில கிடைச்சா, இந்தத் தகரத்தாலேயே ஒரு போடு போடுவேன். இல்ல, அத விடுங்க. இவனப் பெத்த மகராசிய ஒரு தடவை பாக்கணும். அவ கையப் பிடிச்சு, 'நல்லாப் பெத்திருக்கேம்மா'ன்னு சொல்லணும். அவ்ளோதான் எனக்கு ஆசை."

அம்மா ஸ்டூலில் உட்காரவில்லை. குனிந்து, போர்டின்மேல் இருந்த அந்தக் கிழக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"நான்தாம்மா அது," என்றார். "இவன மட்டும் இல்ல. ரெண்டு பேரையும் பெத்தது நான்தான்."

பேப்பர்காரம்மாவின் முகம் மலர்ந்தது. அந்தச் சிரிப்பு முழுசாக முடியட்டும் என்று அம்மா காத்திருந்தார். பிறகு, மடியில் கிடந்த போர்டை மெதுவாகத் தன் பக்கம் திருப்பினார்.